பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு இன்ஜினைப் பற்றிப் பேசுவோம்

இண்டியானாவில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். 1972 ஓல்ட்ஸ்மொபீல் விஸ்டா குரூசர் ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை பின்கதவு வரை நீளும் பழைய குடும்பக் கார் ஒன்று, விலைக்கு வந்திருக்கிறதாம். பல ஆண்டுகளாக ஒரு கொட்டகைக்குள் நின்ற வண்டி. படங்கள் அனுப்பியிருந்தார். முன்பக்கம் நான்கு, இன்ஜின் ஆறு, டேஷ்போர்டு மூன்று.

"அண்ணே, ஒரிஜினலாவே கொண்டுவரலாமா, இல்ல எல்எஸ் இன்ஜின் போட்டுடலாமா? நீங்க சொல்றதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

"பின்கதவு படம் ஒண்ணுகூட இல்லையே தம்பி" என்றேன்.

எல்எஸ் என்பது பிற்காலத்து வி8 இன்ஜின், விவரம் பின்னால் வரும். அவருக்கு என் பதில் சம்பந்தமில்லாததாகப் பட்டிருக்கும். எனக்கும் முதல் வேகன் வாங்கியபோது இன்ஜின்தான் பெரிய கேள்வியாக இருந்தது. ஒஹாயோவில் வீட்டு கராஜிலேயே ஒன்றை முடித்து, இன்னொன்றில் பாதி வந்திருக்கும் இந்த நிலையில் எனக்குத் தோன்றுவது வேறு. பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகனில் இன்ஜின்தான் ஆகச் சுலபமான பகுதி. முன்கதவுக்குப் பின்னால் இருப்பதுதான் பணத்தையும் வருடத்தையும் தின்னும். எந்த வழியில் போவது என்பதை வண்டியின் பின்பாதிதான் சொல்லும்.

காரணம் எளிது. விஸ்டா குரூசர் என்பது ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸின் நீட்டிய வடிவம். 1968 முதல் 1972 வரை வந்த தலைமுறையில் இரண்டு கதவு கட்லஸ் கூப்பேயின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 112 அங்குலம், நான்கு கதவு செடானுக்கு 116, விஸ்டா குரூசருக்கு 121. கூப்பேயைக் காதலிப்பவர்கள் ஏராளம் என்பதால் கட்லஸின் ஃபெண்டர், பானட், பம்பர், டேஷ் பேட், கார்ப்பெட், கண்ணாடி பீடிங் எல்லாம் இன்றும் புதிதாக அச்செடுத்து விற்கிறார்கள். வேகனின் மூக்கு கட்லஸின் மூக்குதான், அதனால் முன்பக்கத்துக்கு அவ்வளவும் பொருந்தும். பின்பக்கத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வேகன்கள் வீட்டு வேலைக்காரன் மாதிரி உழைத்துத் தேய்ந்து, பழைய இரும்புக்குப் போனவை. எஞ்சியவை குறைவு, வாங்குவோரும் குறைவு. அந்தச் சந்தையை நம்பி யாரும் பின்கதவுக்கு அச்சு செய்யப் போவதில்லை.

அதிலும் விஸ்டா குரூசருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு, அதன் அழகே அதுதான். 1964-ல் அறிமுகமான இந்த வண்டியின் கூரை, பின்பாதியில் ஒரு படி உயரும். அந்தப் படியில் குறுக்கே சாய்வாக ஒரு கண்ணாடி. பக்கங்களில் நீளவாக்கில் ஒடுக்கமாக இரண்டு கண்ணாடிகள். இரண்டாம் வரிசையில் இருப்பவர் நிமிர்ந்தால் வானம் தெரியும். வெயில் கண்ணைக் குத்தினால் இறக்கிக்கொள்ள அந்த வரிசைக்கென்றே தனி சன்வைசர் வைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையும் முன்னோக்கித்தான் இருக்கும். மற்ற பல வேகன்களில் பிள்ளைகள் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தபடி போனார்கள், இதில் அப்படியில்லை. கண்ணாடிக் கூரை 1972-ஓடு நின்றுவிட்டது. ஒரு ஆறுதல், இதே கூரை 1969 வரை பியூக் ஸ்போர்ட் வேகனிலும் இருந்தது. ஆகவே கண்ணாடி தேடும்போது ஒரு கடைக்குப் பதில் இரண்டு கடை ஏறலாம்.

பார்க்கப் போகும்போது

ஒரு சின்ன காந்தம், அதைச் சுற்ற ஒரு துணி, டார்ச், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய். இவ்வளவு போதும்.

காந்தத்தைத் துணியில் சுற்றி, பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகரத்தின் அடிப்பகுதியில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். பிடிப்பு விட்டுப்போகும் இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்ப்பது போலத்தான் இங்கேயும். சில வண்டிகளில் அது விரல் கனத்துக்கு இருக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் ஒஹாயோ, மிச்சிகன், இண்டியானா வண்டி என்றால் இதை விட்டுவிட்டு வேறு எதையும் பார்க்காதீர்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ வண்டிகளில் தகரம் கிண்ணென்று இருக்கும், டேஷ்போர்டும் சீட்டும் வெயிலில் வறண்டு வெடித்திருக்கும். இரண்டில் ஒன்று என்றால் நான் வெடித்த டேஷ்போர்டைத்தான் எடுப்பேன். அது விலைக்குக் கிடைக்கும்.

அடுத்து தண்ணீர். ஒருவரை உள்ளே இரண்டாம் வரிசையில் உட்காரவைத்து, கூரைப் படியின் மேல் தண்ணீரை ஐந்து நிமிடம் வழியவிடுங்கள். பீய்ச்சி அடிக்க வேண்டாம், வழிந்தால் போதும். ரப்பர் இறுகிப்போயிருந்தால் முதலில் மூலையில் ஒரு பொட்டு ஈரம் தெரியும், பிறகு கூரைத் துணியில் டீக்கறை போல ஒரு வட்டம் விரியும். அந்த வட்டம் ஏற்கெனவே பழுப்பாகக் காய்ந்து கிடந்தால் தண்ணீர் பல காலமாக இறங்கியிருக்கிறது, கீழே தரைத் தகரத்தைக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ரப்பர் மாற்றுவது பெரிய வேலை இல்லை. ரப்பர் உட்காரும் விளிம்பு துருவில் அரித்துப்போயிருந்தால் அது பெரிய வேலை. வளைந்த விளிம்பை வெட்டி, அதே வளைவில் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கண்ணாடியைக் கழற்றும்போது உடைந்தால் வேறொரு வேகன் சாக வேண்டும்.

அப்புறம் பின்கதவு. இது இரண்டு விதமாகத் திறக்கும் வகை. பலகை போலக் கீழே இறங்கும், சாதாரணக் கதவு போலப் பக்கவாட்டிலும் விரியும். இந்த யோசனையை 1966-ல் பிரபலமாக்கியது ஃபோர்டு, பிறகு எல்லாரும் பின்பற்றினார்கள். ஒரே கதவுக்கு இரண்டு திசையில் கீல் என்றால், ஒரு பக்கம் விடுபடும்போது மறுபக்கம் பூட்டியே இருக்க வேண்டும் என்று உள்ளே கம்பியும் நெம்புகோலுமாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது தேய்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை நான் காலால் தெரிந்துகொண்டேன். பக்கவாட்டில் திறக்க இழுத்தேன், அடிக்கொக்கியும் சேர்ந்து விட்டுவிட்டது, கண்ணாடியோடு மொத்தக் கதவும் பாதத்தில் இறங்கியது. நல்லவேளை பூட்ஸ் போட்டிருந்தேன். விற்றவர் "கொஞ்சம் மெதுவா திறங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்!

கதவின் அடிவிளிம்பை உள்ளிருந்து தட்டிப் பாருங்கள். கண்ணாடி இறங்கும் பள்ளத்தில் தண்ணீரும் இலைச்சருகும் சேர்ந்து, வடிகால் துளை அடைத்து, அங்கேதான் துரு பிள்ளையார்சுழி போடும்.

தகரம், கூரை, பின்கதவு மூன்றும் தேறினால், கீழே நான் சொல்லப்போகும் நான்கு வழிகளும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. மூன்றும் தேறாவிட்டால் வழி ஒன்றுதான். விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வீடு என்றதும் இன்னொன்று. வண்டியின் நீளம் சுமார் 218 அங்குலம், பதினெட்டு அடிக்கு மேல். இங்கே சாதாரண வீட்டு கராஜின் ஆழம் இருபது அடி. மூக்கைச் சுவரில் முட்டாத குறையாக நிறுத்தினாலும் பின்னால் இரண்டடிகூட மிஞ்சாது. கராஜ் கதவை மூடிக்கொண்டு வண்டியின் பின்கதவைத் திறக்க முடியாது. அதாவது எந்தப் பகுதியில் அதிக வேலையோ, அந்தப் பகுதிக்குத்தான் இடம் இல்லை. ஜனவரியில் கராஜைத் திறந்துவைத்துக்கொண்டு வெல்டிங் செய்தவன் சொல்கிறேன், பின்பக்க வேலையைக் கோடையில் முடித்துவிடுங்கள். இன்ஜின் வேலையை மூடிய கராஜில் ஹீட்டர் போட்டுக்கொண்டு செய்யலாம்.

முதல் வழி: பிறந்தபோது இருந்தபடி

ஒவ்வொரு போல்ட்டும் 1972-ல் ஆலையை விட்டு வந்த நிலைக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. கண்காட்சிக்குக் கொண்டுபோனால் பெரியவர்கள் கண் கலங்கப் பார்ப்பார்கள். ஆனால் கூப்பே உலகத்தில் பணம் கொடுத்தால் முடிகிற விஷயம், வேகன் உலகத்தில் பணம் கொடுத்தாலும் காத்திருக்க வேண்டிய விஷயம். பின்பக்கவாட்டுக் கண்ணாடியின் குரோம் பட்டை ஒன்று கிடைக்க நான் ஒரு முழுக் கோடை காத்திருந்தேன். வந்ததும் பார்த்தால் எதிர்ப் பக்கத்துப் பட்டை.

மரப்படம் ஒட்டிய வண்டி என்றால் அதுவும் சேரும். பக்கவாட்டில் மரம் போலத் தெரிவது மரம் அல்ல, வினைல் படலம். அந்தக் காலத்து வேகன்களில் 3எம் நிறுவனத்தின் டைநாக் படலம்தான் பேர்போனது, இன்று அதே பெயரில் கட்டட உள்ளலங்காரத்துக்கான படலம் விற்கிறார்கள். ஒட்டுவதற்கு இரண்டு பேர், சோப்புத் தண்ணீர், ஹீட் கன், பொறுமை வேண்டும். கண்ணாடியில் சன்ஃபிலிம் ஒட்டியவருக்குக் கை பழகியிருக்கும். புதுப் பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் பெயின்டிலிருந்து வரும் ஆவி உள்ளே சிக்கி, ஒரு மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கதவுக்குக் கதவு மரக்கோடு தொடர்கிறதா என்று பார்த்து வெட்டுவதுதான் கலை. என் முதல் முயற்சியில் முன்கதவின் மரம் கிழக்கே போனது, அதற்கு அடுத்த பக்கவாட்டுக் கதவின் மரம் மேற்கே போனது.

முழுப் பெயின்டையும் வீட்டிலேயே அடிப்பேன் என்பவருக்கு ஒரு வார்த்தை. இன்றைய கிளியர்கோட்டை (மேல்பூச்சை) இறுகவைக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராஜில் எரிவாயு வாட்டர் ஹீட்டரின் சின்னத் தீ எரிந்துகொண்டிருந்தால் ஸ்ப்ரே கன்னைத் தொடவே கூடாது. நான் தகர வேலையையும் பிரைமருக்குத் தேய்க்கும் வேலையையும் வீட்டில் செய்துவிட்டு, கடைசி பெயின்டை வெளியே கொடுத்தேன். கொடுத்த இடத்தில் நான்கு வாரம் என்றவர்கள் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். அது தனிக் கதை.

இரண்டாவது வழி: தோற்றத்தைத் தொடாமல் ஓடவைப்பது

வெளுத்த பெயின்ட், பாதி உரிந்த மரப்படம், ஐம்பது வருடச் சிராய்ப்பு எல்லாம் அப்படியே. பிரேக், டயர், எரிபொருள் குழாய், ரேடியேட்டர், விளக்கு மட்டும் புதிது. செலவு மிகக் குறைவு, இந்தக் கோடையிலேயே ஓட்டலாம். கடை வாசலில் நிறுத்தினால் ஆட்கள் வந்து பேசுவார்கள். பளபளவென்றிருக்கும் வண்டியைத் தொடத் தயங்குபவர்கள் இதைத் தட்டிப் பார்த்து, "எங்க மாமாகிட்ட இருந்துச்சு" என்பார்கள்.

குறை என்னவென்றால், "அப்படியே" என்பது துருவுக்குப் புரியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உப்பு மாநிலத்தில் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மட்டுமாவது தகர வேலை செய்து, உள்ளே மெழுகு அடித்து, குளிர்காலத்தில் வண்டியை வெளியே எடுக்காமல் இருக்க வேண்டும். முதல் வேகன் வாங்குபவர் ஒரு வருடம் இந்த வழியில் ஓட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த யோசனை. வண்டி என்ன கேட்கிறது என்று தெரியும். சிலருக்கு வேகனே பிடிக்கவில்லை என்பதும் தெரியும், அதுவும் லாபம்தான்.

மூன்றாவது வழி: எல்எஸ்

தம்பி கேட்டது இதைத்தான், ஆகையால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1997 கார்வெட்டில் அறிமுகப்படுத்திய வி8 குடும்பம் எல்எஸ். 1999 முதல் அதே குடும்பத்தின் இரும்பு பிளாக் இன்ஜின்கள் சில்வராடோ பிக்கப்பிலும் பிறகு டாஹோ, சபர்பன் வண்டிகளிலும் வந்தன. அவற்றில் 5.3 லிட்டர் வகை 270 முதல் 295 குதிரைத்திறன் தரும். விஸ்டா குரூசரின் 350 கன அங்குல ராக்கெட் வி8, இரட்டைத் தொண்டை கார்புரேட்டரோடு 1972-ல் காட்டிய கணக்கு 160. விபத்தில் மாட்டிய பிக்கப்புகள் எல்லா ஊர் உடைப்புக் கடையிலும் கிடப்பதால் இன்ஜின் சில நூறு டாலர் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை கிடைக்கும். காலைக் குளிரில் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கும், பெட்ரோலும் சிக்கனம்.

அந்த இன்ஜின் விலையைப் பார்த்துத்தான் எல்லாரும் விழுகிறார்கள். யானையை வாங்கிவிட்டோம், இனி அங்குசம் என்ன பெரிய செலவா என்று. பிக்கப் இன்ஜினின் எண்ணெய்த் தொட்டி மிக ஆழம், வேகனின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், வேறு தொட்டி வேண்டும். பழைய மவுண்ட்டில் உட்கார அடாப்டர் தகடு. கார்புரேட்டருக்கு ஐந்து, ஆறு பிஎஸ்ஐ அழுத்தம் போதும், இதற்கு 58 வேண்டும். ஆகவே பம்ப், குழாய், டேங்க் எல்லாமே மாறும். வயரிங் கொத்தைக் களைந்து தனியாக ஓடும்படி மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்காவிட்டால் இன்ஜின் ஓடவே ஓடாது. இந்த இன்ஜினோடு வரும் 4எல்60இ கியர்பாக்ஸுக்காக டிரைவ் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டி வரலாம். பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளில் சுற்றுவது, புதுப் பெட்டி மின்சிக்னல் அனுப்புவது, நடுவில் ஒரு மாற்றி. சைலன்சர் குழாய் முழுதும் புதிதாக வளைக்க வேண்டும். ஒவ்வொன்றும் சின்னதுதான். சின்னது பத்துச் சேர்ந்தால் இன்ஜினைப் போலப் பல மடங்கு கையைக் கடிக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஓல்ட்ஸ்மொபீல் 350 வேறு, செவர்லே 350 வேறு. எண் ஒன்றுதான், இன்ஜின் வேறு வேறு. ஓல்ட்ஸ் இன்ஜினில் எண்ணெய் ஊற்றும் குழாய் முன்னால் நிமிர்ந்து நிற்கும், டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றும். அதைக் கழற்றி எறிந்தால் அந்த வண்டியில் ஓல்ட்ஸ்மொபீல் என்று சொல்ல முன்னால் இருக்கும் பெயர்ப்பட்டைதான் மிஞ்சும். சிலருக்கு அது பொருட்டே அல்ல. எனக்குக் கொஞ்சம் பொருட்டு.

பழைய இன்ஜினின் பிளாக் வெடித்திருந்தால், அல்லது வண்டி இன்ஜினே இல்லாமல் வந்தால், யோசிக்காமல் எல்எஸ் போடுங்கள். நல்ல இன்ஜினைக் கழற்றிவிட்டு எல்எஸ் போடுவது, அதே பணத்தைப் பின்கதவிலிருந்து எடுத்துக்கொடுப்பது. நான் பார்த்த எல்எஸ் வேகன்களில் பாதி அப்படித்தான் நிற்கின்றன. பானட்டைத் திறந்தால் நகைக்கடை, பின்னால் போனால் கயிறு கட்டிய பின்கதவு.

மின்மோட்டார் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். போடலாம். பேட்டரியை எங்கே வைத்தாலும் அது சரக்கு இடத்தையோ மூன்றாவது வரிசையையோ விழுங்கும். அப்புறம் அது வேகனா?

நான்காவது வழி: பழைய இன்ஜின், புதுக் கியர்பாக்ஸ், நல்ல பிரேக்

என் வண்டி இந்த வழியில்தான் போனது. ஆகவே நான் நடுநிலையானவன் அல்ல.

பழைய வேகனை இன்றைய நெடுஞ்சாலையில் ஓட்டும்போது உண்மையில் தொந்தரவு தருவது குதிரைத்திறன் குறைவு அல்ல, இரைச்சல்தான். பழைய டர்போ ஹைட்ராமேட்டிக் 350 கியர்பாக்ஸில் (இந்த 350 பெட்டியின் பெயர், இன்ஜின் அளவு அல்ல) மூன்றே கியர். பின் ஆக்சிலின் பல்விகிதம் 3.23, டயர் 27 அங்குலம் என்று வையுங்கள். மணிக்கு 65 மைலில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,600 சுற்று சுற்றும். இரண்டு மணி நேரம் போனால் காதில் வண்டு குடியேறிவிடும். 1980-களின் ஜிஎம் கார்களில் வந்த 200-4ஆர் என்ற பெட்டியில் நான்காவதாக, இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் 0.67 ஓவர்டிரைவ் கியர் இருக்கிறது. அதே வேகத்தில் சுற்று 1,750-க்கு இறங்கும். ஓல்ட்ஸ் இன்ஜினின் போல்ட் அமைப்பிலேயே அது கிடைக்கும். குட்டை வால் கொண்ட 350 பெட்டியின் நீளம்தான் இதற்கும், அதனால் டிரைவ் ஷாஃப்ட்டைத் தொட வேண்டியதில்லை, தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

ஒரே எச்சரிக்கை. கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள். ஆக்சிலரேட்டர் கேபிள் மாதிரித்தான் தெரியும், ஆனால் பெட்டிக்குள் எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். தளர்வாக விட்டு ஓட்டினால் கிளட்ச் தட்டுகள் சில மைலிலேயே கருகும். கார்புரேட்டரில் அது மாட்டும் கொக்கி சரியான கோணத்தில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

பழைய இன்ஜினை வைத்துக்கொள்வதில் 1971, 72 வண்டிகளுக்கு ஒரு சாதகம். ஈயம் குறைந்த, ஈயமில்லாத பெட்ரோல் வரப்போகிறது என்று ஜிஎம் 1971-ல் எல்லா இன்ஜினிலும் கம்ப்ரஷனைக் குறைத்தது. அன்றைக்குத் திறன் போயிற்றே என்று திட்டினார்கள். இன்றைக்கு அதனால்தான் பம்பில் கிடைக்கும் சாதாரண 87 ஆக்டேன் போட்டு ஓட்ட முடிகிறது.

இன்ஜினை முழுதாக இறக்காவிட்டாலும் ஒன்றை மட்டும் கட்டாயம் திறந்து பாருங்கள், டைமிங் செயின். அந்தக் காலத்தில் சத்தம் குறையட்டும் என்று கேம் கியரின் பற்களுக்கு நைலான் பூசினார்கள். ஐம்பது வருடச் சூட்டில் அது பொரித்த அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். என் வண்டியின் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியபோது அடியில் பழுப்பு நிறத்தில் பல் பல்லாக ஏதோ கிடந்தது. முதலில் ஏதோ பூச்சியின் ஓடு என்று நினைத்தேன். விரலில் எடுத்து நசுக்கினால் மொறுமொறுவென்று உடைந்தது. பாதிப் பற்கள் எண்ணெய்ப் பம்பின் சல்லடையில் அடைத்துக்கொண்டிருந்தன. முந்தைய நாள்தான் அந்த வண்டியில் அறுபது மைல் போய்வந்திருந்தேன்! முழுதும் எஃகால் ஆன செயின் செட் ஒன்றும் விலை அதிகமில்லை.

எண்ணெயும் பார்த்து ஊற்ற வேண்டும். இந்த இன்ஜினின் கேம் மேல் தட்டை லிஃப்டர் உராய்ந்து ஓடும், அதற்குத் துத்தநாகம் கலந்த எண்ணெய் வேண்டும். இன்றைய கார்களுக்கான எண்ணெயில் அதைக் குறைத்துவிட்டார்கள். ஸ்பார்க் கொடுக்கும் பழைய பாயின்ட் செட்டைத் தூக்கிவிட்டு ஜிஎம் பின்னாளில் கொண்டுவந்த எச்இஐ என்ற மின்னணு டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டால் ஒரு தலைவலி குறையும். ஏசி இருந்தால் பழைய ஆர்-12 வாயுவின் உற்பத்தி அமெரிக்காவில் 1995-ஓடு நின்றுவிட்டது, ஆர்-134ஏ-வுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பிரேக்கில் பேரம் பேசாதீர்கள். வண்டி இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆட்கள் ஏறினால் அதைத் தாண்டும். முன்சக்கரத்தில் டிரம் இருந்தால் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். இந்தச் சட்டகம் செவர்லே செவெல், கட்லஸ் குடும்பத்துக்குப் பொது என்பதால் கிட் தாராளமாகக் கிடைக்கும். மாஸ்டர் சிலிண்டரும் அழுத்தம் பிரிக்கும் வால்வும் சேர்த்து மாற்ற வேண்டும், டிஸ்க்கை மட்டும் மாட்டினால் பாதி வேலைதான். பழைய டிரம்மைக் கழற்றும்போது தூசியை ஊதித் தள்ளாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நனைத்துத் துடைத்துப் பையில் கட்டுங்கள்.

அலங்காரம் என்றால் பெரிய சக்கரம், வண்டியைத் தாழ்த்துவது, ஸ்டீரியோ. எல்லாம் அவரவர் விருப்பம். தாழ்த்தும்போது மட்டும் மூன்றாவது வரிசையில் ஆள் உட்காரவைத்து அளவெடுங்கள். காலி வண்டியில் அழகாக இருக்கும் இடைவெளி, மூன்று பேர் பின்னால் ஏறியதும் டயரை உரசும்.

யார் உட்காரப் போகிறார்கள்

இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, என் மனைவி கேட்டாள். பின்வரிசைகளில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். தோள் பெல்ட் முன்னிருக்கை ஓரங்களுக்கு மட்டுமே. பிள்ளைகளின் பூஸ்டர் இருக்கைக்கு இடுப்பும் தோளும் சேர்ந்த பெல்ட் கட்டாயம் வேண்டும், இடுப்பு பெல்ட்டோடு வைக்கக் கூடாது. "அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும்தானா இவ்வளவு பெரிய வண்டி?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் இரண்டாம் வரிசைக்கு மூன்றுமுனை பெல்ட் போட்டேன். மேல்முனையைச் சும்மா தகரத்தில் திருகக் கூடாது. பின்தூணுக்குள் கனமான தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கூரைத் துணி கழன்றிருக்கும்போது செய்தால் அரைநாள், எல்லாம் முடித்த பிறகு செய்தால் ஒரு வாரம். முதல் வழியில் போகிறவர்கள் ஒரிஜினல் கெட்டுப்போகும் என்று இதைச் செய்வதில்லை, நாலாவது வழிக்கு நான் போனதற்கு மெய்யான காரணம் இதுதான்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது இப்படி. பின்பாதி நன்றாக இருந்து இன்ஜினும் சுற்றினால், முதல் வருடம் இரண்டாவது வழி, பிறகு அதிலிருந்தே நாலாவதுக்கு ஏறிக்கொள்ளுங்கள். வாங்கிய எந்தப் பொருளும் வீணாகாது, நடுவில் எப்போது நிறுத்தினாலும் வண்டி ஓடும். எல்எஸ் பாதியில் நின்றால் ஓடாத வண்டிதான் மிஞ்சும். விற்பனைக்கு வரும் அரைகுறை வேகன்கள் பலவும் அப்படி நின்றவைதான். முதல் வழி, ஒரு துண்டும் குறையாத வண்டி கையில் கிடைத்தவருக்கு மட்டும். பின்பாதி கெட்டு, விலை மலிவாக இருந்தால் உதிரிபாகத்துக்காக நானே வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காந்தமும் குழாயுமாகப் போயிருக்கிறார். மதியம் வீடியோ வந்தது. அவர் மகன் உள்ளே உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், மேலே தண்ணீர் வழிகிறது. மூன்றாவது நிமிடம், "அப்பா, இடது மூலை" என்கிறான். விளிம்பைத் தடவிக் காட்டினார், துரு மேலோட்டம்தான், தகரம் உள்ளே திடமாக இருந்தது. பின்கதவு பக்கவாட்டில் திறக்கவே இல்லை. அந்த இரண்டையும் காட்டி விலையைக் குறைத்து, அன்றைக்கே டிரெய்லரில் ஏற்றிவிட்டார்.

இன்ஜினைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்கதவின் உள்தகட்டை எப்படிக் கழற்றுவது என்று நேற்று கேட்டிருந்தார். பூட்ஸ் போட்டுக்கொண்டு தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.